தரையில் பட்ட பந்து

தொப்.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பீட்சாக் கடையில் ஒருவர் மாவைத் தூக்கிப் பலகையில் அடிக்கிறார். ரயிலைத் தவறவிட்டுவிட்டு, அடுத்ததற்கு இருபது நிமிடம் இருக்க, நான் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன். திரும்பவும் தொப். ஈரமான, கனமான, எதிரொலி இல்லாத சத்தம்.

எனக்கு இந்தச் சத்தம் தெரியும். நிலத்தில் குத்தி எழும்பிய பந்து ஒரு மனிதனின் மார்புக் கவசத்தில் மோதி, உயிர் போய், அவன் முழங்கால்களுக்கு நடுவில் விழும் சத்தம்.

பசியில்லாமலே உள்ளே போய் ஒரு துண்டு வாங்கினேன். சாப்பிடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ரயிலும் போய்விட்டது.

"ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுதுவீர்களா?" என்று நான் எழுதும் இந்தத் தொடரை வாசிக்கும் ஒருவர் கேட்டிருந்தார். எழுதுவேன். ஆனால் இதுபோன்ற பத்தி அல்ல. வருடத்தின் பாதி ஞாயிறுகளில் நான் ஒரு கம்பி வலைக்குப் பின்னால் இருந்து, பென்சிலால், பேஸ்போல் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். நான் இதுவரை எழுதியதிலேயே மோசமான பிழையும் அங்கே எழுதியதுதான்.

வலைக்குப் பின்னால்

எங்கள் கழகத்துக்கு மூன்று அணிகள். முதல் அணி, நான் வந்து குடியேறிய இந்த நாட்டின் இரண்டாம் பிரிவில் ஆடுகிறது. இரண்டாவது அணி அதற்குக் கீழே எங்கேயோ. மூன்றாவது அணிக்குக் கீழே கால்வாய் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாவது அணியில் ஒரு தபால்காரர், ஓடு வேய்பவர் ஒருவர், இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட கணித ஆசிரியர். புல் வெட்டுவது அவர்கள். சுண்ணாம்புக் கோடு போடுவது அவர்கள். இடையில் ஓடிப்போய் அடுப்பில் சொசேஜைத் திருப்பிவிட்டு வருவதும் அவர்கள்தான். தொண்ணூறு கிலோமீட்டர் கார் ஓட்டிப்போய், பதினொரு பேர் பார்த்திருக்கத் தோற்றுவிட்டு வருவார்கள். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு ஒருவர் குறையமாட்டார்.

என் மகள் ஆடுகிறாள் என்றுதான் நான் அந்த மைதானத்துக்குப் போகத் தொடங்கினேன். அவள் இரண்டு பருவத்தில் சலித்து விட்டுவிட்டாள். நான் விடவில்லை. ஏன் என்று அவள் கேட்டபோது, அங்கே தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

அந்த மூன்றாவது அணியில் இன்னொருவர் அன்ரன். மன்னார்க்காரர். நாற்பத்திரண்டு வயது. குளிர்களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆட்டத்தில் அவர் கெச்சர். துடுப்பாளருக்குப் பின்னால் முகமூடியும் கவசமும் போட்டுக்கொண்டு, எறிகிற பந்தையெல்லாம் பிடிக்கிறவர். நம்முடைய கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் போல, ஆனால் முழு ஆட்டமும் குந்தியிருக்க வேண்டும். அன்ரன் தன்னைக் கெச்சர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கீப்பர் என்றுதான் சொல்வார்.

ஓகஸ்ட் முடிகிற நேரம். எந்த ஓகஸ்ட் என்பது முக்கியமில்லை. ஆட்டம் தொடங்குமுன் அன்ரன் என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, பெரிய அணியின்ர கீப்பருக்கு விரல் முறிஞ்சு போச்சு."

"ஐயோ."

"ஐயோ தான். பாவம் அந்தப் பெடியன். ஆனா..." முகமூடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. "வாற ஞாயிறு அவைக்குக் கடைசி ஆட்டம். ஒரே நாளில ரெண்டு. மிஞ்சியிருக்கிற ஒரு கீப்பரால ரெண்டுக்கும் குந்தியிருக்க ஏலாது. கீழ இருந்து ஒராளை எடுக்கப் போகினம். நான் ஃபோல்கரிட்டக் கேட்டனான்."

ஃபோல்கர் முதல் அணியின் பயிற்சியாளர்.

"என்ன சொன்னவர்?"

"தாளைப் பாத்திட்டு வியாழக்கிழமை சொல்லுறன் எண்டவர்."

இருபத்தொரு வருடமாக அன்ரன் கேட்டுக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான். இரண்டாம் பிரிவில் ஓர் ஆட்டம். ஒன்றே ஒன்று. எங்கள் ஆட்டம் நடக்கும் நேரத்தில் ஃபோல்கரின் அணி வேறு ஊரில் ஆடிக்கொண்டிருக்கும். அவர் அன்ரனின் ஆட்டத்தை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. நான் எழுதும் ஸ்கோர் தாள்கள் மட்டும்தான் அவரிடம் போகும்.

"என்னை அவர் உங்கட பேப்பரிலதான் பாக்கிறார். வடிவா எழுதுங்கோ."

"நான் என்ன, உமக்குக் கலியாணப் புரோக்கரோ?"

"அதைவிடப் பெரிய ஆள்," என்றுவிட்டுப் போனார்.

ஹைக்கேயின் கேள்வி

எதிரணியினர் அன்று தங்களுக்கென்று ஒரு ஸ்கோர் எழுதுபவரைக் கொண்டுவந்திருந்தார்கள். கீழ்ப் பிரிவுகளில் அது அபூர்வம். ஹைக்கே என்று பெயர். பேருந்து ஓட்டுபவர். என் வயதுதான் இருக்கும். இரண்டு பேரும் ஒரே மேசையில் முழங்கை இடிபட இருந்தோம்.

எங்களுக்காக எறிந்தவர் ஸ்வென், அந்தத் தபால்காரர். தபாலைச் சரியான பெட்டியில்தான் போடுகிறார் என்று நம்புகிறேன். பந்தை அப்படிப் போடமாட்டார். மூன்றாவது சுற்றில் அவர் எறிந்த ஒன்று அன்ரனுக்கு ஒரு முழம் முன்னால் நிலத்தில் குத்தி, அவருடைய இடது தோளை உரசிக்கொண்டு வேலிக்கு ஓடியது. ஓர் ஓட்டம் எடுக்க நான்கு தளங்களை வரிசையாகத் தொட வேண்டும்; இரண்டாம் தளத்தில் நின்ற எதிரணிக்காரர் மூன்றாம் தளத்துக்குப் போய்விட்டார்.

இப்படிப் பந்து தப்பும்போது அது யாருடைய பிழை என்று எழுத வேண்டும். எறிந்தவருடையது என்றால் வைல்ட் பிட்ச். கெச்சருடையது என்றால் பாஸ்ட் போல். ஓட்டம் மாறாது. பழி மாறும்.

நான் பாஸ்ட் போல் என்று எழுதினேன்.

ஹைக்கே என் தாளைப் பார்த்தாள். "அது நிலத்தில் பட்டதே."

"ஆமாம், பட்டது."

"அப்படியானால் எறிந்தவரின் பிழை."

"ஆனால் அவர் பிடித்திருக்கலாம். கைக்குப் பக்கத்தால்தானே போனது."

"அதை யோசிக்கவே தேவையில்லை. முதலில் நிலத்தில் பட்டு, கெச்சரைத் தாண்டினால் வைல்ட் பிட்ச். விதி அப்படித்தான்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். பிறகு, குத்தலாக இல்லாமல், வெறுமனே அறிந்துகொள்வதற்காகக் கேட்டாள்: "நீ எப்போதும் இப்படியா எழுதுகிறாய்?"

நல்ல வெயில். நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

நான் தனியாக ஸ்கோர் எழுதிய முதல் பருவம் அது. எப்போதும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

பழைய கண்

ஊரில், குருநகரில், எங்கள் கோவில் இளைஞர் கழகத்துக்குக் கிரிக்கெட் ஸ்கோர் எழுதியது நான்தான். அண்ணன் துடுப்பாடுவான், எனக்குத் துடுப்புத் தரமாட்டார்கள், கொப்பி தந்தார்கள். கிரிக்கெட்டில் பந்து நிலத்தில் படத்தான் வரும். பட்டு எழும்பி வருவதைச் சேர்த்துப் பிடிக்கத்தான் கீப்பரே நிற்கிறார். எட்டக்கூடிய பந்தை அவர் விட்டால் அது பை. பந்து வீசியவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

பதின்மூன்று வயதில் கண்ணுக்குள் போன சட்டம் வெளியே வருவதில்லை. ஸ்கோர் எழுதும் பயிற்சிக்கு இரண்டு நாள் போனேன். கெச்சரைப் பற்றிய பக்கம் வந்தபோது, இது எனக்குத் தெரிந்ததுதானே என்று அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அந்த ஒரு பக்கம். அந்த ஒரு திமிர்.

அன்று வீட்டுக்கு வந்து, சட்டையை மாற்றாமல், பருவத்தின் தாள்கள் முழுவதையும் சமையலறை மேசையில் பரப்பினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நிலத்தில் பட்டுத் தப்பிய பந்தென்றால் எழுத்துக்கு அடியில் சிறிதாக ஒரு புள்ளி வைப்பேன். பிடிக்கக் கடினமானது, பாவம், என்று என் மனச்சாட்சிக்காக வைத்த புள்ளி. விதியில் அதற்கு இடமில்லை.

அன்ரனின் பெயரில் இருபத்துமூன்று பாஸ்ட் போல்கள். அவற்றில் பத்தொன்பதின் அடியில் புள்ளி இருந்தது.

பத்தொன்பது தடவை ஒரு மனிதனைக் கைநழுவுகிறவன் என்று எழுதியிருக்கிறேன். வடிவான கையெழுத்தில்.

எல்லைப் பலகை வரை

அன்ரன் எப்படி இந்த ஆட்டத்துக்குள் வந்தார் என்பதை இங்கே சொல்லாவிட்டால் அந்தப் பத்தொன்பதின் பாரம் விளங்காது.

இருபது வயதில் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தார். தெற்கே மலைப்பக்கத்துச் சிறு ஊர் ஒன்றில் அகதிகள் விடுதியில் போட்டார்கள். விடுதியின் யன்னலுக்கு எதிரே ஒரு மைதானம். ஒரு மாலை பார்க்கிறார், ஒருவன் தடியோடு நிற்கிறான், அவனுக்குப் பின்னால் ஒருவன் கையுறையோடு குந்தியிருக்கிறான். மன்னாரில், பேசாலைப் பள்ளிக்கூட அணிக்குக் கீப்பராக நின்றவர் அன்ரன். படியிறங்கிப் போய், மொழி ஒன்றும் தெரியாமல், அந்த ஆளுக்குப் பக்கத்தில் தானும் குந்தினார்.

"வெறுங்கையோடயோ?" என்று கேட்டிருக்கிறேன்.

"வெறுங்கையோடதான். முதல் பந்தைப் பிடிச்சன். அவங்கள் எல்லாரும் சத்தம் போட்டாங்கள். ரெண்டாவதில சின்னி விரல் வீங்கிப் போச்சு. ஆனா விடேல்ல."

அந்தக் காலத்தில் தஞ்சம் கேட்டவர்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. அனுமதி இல்லாமல் போனால் தண்டம். ஆகவே அன்ரன் சொந்த மைதானத்து ஆட்டங்களில் மட்டும் ஆடினார். வெளி ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்தில் அன்ராக், அனுமதி விண்ணப்பம், எழுதிக் கொடுப்பார். "பேஸ்போல் ஒரு அவசரத் தேவையா?" என்று அங்கிருந்த பெண் கேட்டாளாம். ஓம் என்று சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அப்போதெல்லாம் குழுவின் வண்டியில் ஏறி மாவட்ட எல்லைப் பலகை வரை போவார். அங்கே இறங்கி, கையுறையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, ஆறு கிலோமீட்டர் நடந்து திரும்புவார்.

"ஏன் அங்க வரைக்கும் போனனீர்?"

"வண்டிக்குள்ள எல்லாரும் ஆட்டத்தைப் பற்றிக் கதைப்பாங்கள். அதையாவது கேக்கலாமெண்டு."

விசா கிடைத்தது. வேலை எங்கே கிடைத்ததோ அங்கே போனார். ஊர் மாறியது, கழகம் மாறியது. இந்தக் கழகம் அவருக்கு எட்டாவது. எட்டிலும் அவர் கீழணிதான். ஓரிடத்தில் வயது காணாது என்றார்கள், அடுத்த இடத்தில் மொழி காணாது, அதற்கடுத்த இடத்தில் வயது கூடிவிட்டது. இடையில் எங்கோ சரியான வயது ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்த வருடம் அவருக்கு இரவு வேலை.

இப்படித் திரிகிறவர்களை எனக்குப் பிடிக்கும். வீடு போல ஒன்றை முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, எங்கே ஒரு சதுரப் புல்வெளி இருக்கிறதோ அங்கே இறக்கிவைத்துக் குந்துகிறவர்களை. ஒருவரும் அவர்களைப் பற்றி எழுதுவதில்லை. நான் எழுதினேன். பிழையாக எழுதினேன்.

கெல்லருக்குள் டென்னிஸ் பந்து

மறுநாள் அன்ரன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி ஜெசிந்தா.

"வாங்கோக்கா. உள்ள கிடக்கிறார், முழங்காலுக்கு ஐஸ் வைச்சுக்கொண்டு. முழங்காலில நிண்டு ஒரு செபமாலை சொல்லச் சொன்னா ஏலாதாம். அங்க ஒன்பது சுற்றும் தவளை மாதிரிக் குந்தியிருப்பார்."

தாள்களை விரித்துச் சொன்னேன். புள்ளிகளைக் காட்டினேன். அன்ரன் புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணினார்.

"பத்தொன்பதோ?"

"பத்தொன்பது."

"ஆனா அக்கா, அதுகள் நான் மறிக்க வேண்டிய பந்துதானே? நிலத்தில பட்டு வாறதை மறிக்கிறதுக்குத்தானே கீப்பர்?"

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. நான் எழுதியதை அவர் ஏன் ஒருபோதும் கேள்வி கேட்கவில்லை என்பது. எங்கள் இருவருக்கும் ஒரே கண். ஒரே பழைய கண்.

"ரெண்டு பேரும் நல்ல சோடி," என்றாள் ஜெசிந்தா. அவள் சிரிக்கவில்லை. "அக்கா, இந்தத் தாளைப் பாத்துப் பாத்து இவர் என்ன செய்தவர் தெரியுமோ? கிழமைக்கு மூண்டு நாள் வேலையால வந்து கீழ நிலவறைக்குள்ள, கெல்லருக்குள்ள. என்னைக்கொண்டு டென்னிஸ் பந்து எறிவிக்கிறது, நிலத்தில பட எறி, நிலத்தில பட எறி எண்டு. நான் வேலையால வந்த களைப்பு. மேல்வீட்டு மனுசியின்ர உடுப்புத் தோய்க்கிற மெஷினில பட்டு அவ வந்து பேசிப்போட்டுப் போறா. எல்லாம் உங்கட பென்சிலால."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"விடும் ஜெசி," என்றார் அன்ரன். அவர் குரலிலும் இனிமை இல்லை. "எனக்குக் கோவம் இல்லையெண்டு சொல்ல மாட்டன், அக்கா. ராவெல்லாம் யோசிச்சிருக்கிறன், என்ர கை போச்சுதோ எண்டு. ஒருக்கா விட்டிடுவமோ எண்டும் யோசிச்சனான்."

"நாளைக்குப் போய் ஃபோல்கரிட்டச் சொல்லுறன்."

"சொன்னா உங்கட ஸ்கோர் எழுதுற லைசன்ஸ்?"

"போனாப் போகட்டும்."

"அவர் நம்புவாரோ? தமிழாளுக்குத் தமிழாள் திருத்திக் குடுத்ததெண்டு சொல்ல மாட்டாரோ?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

பின்னிருக்கையில்

ஃபோல்கர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். செவ்வாய் மத்தியானம் பள்ளி வாசலில் பிடித்தேன். காருக்குள் ஒரு காலை வைத்துவிட்டார்.

"நேரமில்லை. பேச வேண்டுமென்றால் பின்னால் ஏறு."

ஏறினேன். வண்டியை ஓட்டியது ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். கழுத்தை நீட்டி, உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். நான் தாள்களை இரண்டு இருக்கைகளுக்கு நடுவால் நீட்டினேன். ஹைக்கேயைச் சொன்னேன். விதியைச் சொன்னேன். என் கிரிக்கெட்டையும் சொன்னேன்.

"ஒரு பருவம் முழுக்க?" என்றார் ஃபோல்கர். "இடது பக்க சிக்னல். இடது. ஒரு பருவம் முழுக்கப் பிழையாக எழுதினாயா?"

"ஆமாம்."

"இப்போது, நான் ஆள் எடுக்கப்போகும் கிழமையில், உனக்கு அது தெரியவருகிறது. கண்ணாடியைப் பாருங்கள். நீ அவருடைய நண்பி. ஒரே நாட்டுக்காரி. என்னுடைய இடத்தில் நீ இருந்தால் என்ன நினைப்பாய்?"

"இதைத்தான் நினைப்பேன்," என்றேன். "ஆனால் அவரிடமிருந்து எடுத்த பத்தொன்பதும் காற்றில் போகவில்லை. ஸ்வென்னின் பெயரில் போய் விழுகிறது. அவரிடம் கேளுங்கள்."

ஃபோல்கர் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார். ஸ்வென் எங்கோ தெருவில் சைக்கிளில் நின்றபடி பேசினார். பின்னால் நாய் ஒன்று குரைத்தது.

"ஸ்வென், இந்த வருடம் நீ நிலத்தில் எறிந்து தப்பிய பந்துகள் எத்தனை இருக்கும்?"

"ஏன்? பொலிஸ் கேட்கிறதா?"

"சொல்."

"ஒரு இருபது? கூடவும் இருக்கும். இவ்வளவு எறிந்தும் என் தாள் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று வருடம் முழுக்க யோசித்தேன். பிறகு, நல்லதுதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்." நாய் மறுபடி குரைத்தது. "அன்ரன் தலையில் போனதா அது? சனியன். அவன் இல்லையென்றால் அது நாற்பதாக இருந்திருக்கும்."

ஃபோல்கர் தொலைபேசியை அணைத்தார். சிவப்பு விளக்கில் வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது, அணைந்தும் போனது.

"நாற்பத்திரண்டு வயது," என்றார், கண்ணாடிக்குள் என்னைப் பார்த்து.

"ஆமாம்."

"முழங்கால்?"

"இரண்டும் இருக்கிறது."

"நாற்பத்திரண்டு எல்லாம் ஒரு வயதா?" என்றார் ஓட்டிக்கொண்டிருந்த பெண், திடீரென்று. "எனக்கு இது நான்காவது பரீட்சை."

"நீங்கள் ரோட்டைப் பாருங்கள்," என்றார் ஃபோல்கர். பச்சை விழுந்தது. வண்டி கிளம்பியது, இந்த முறை குலுங்காமல். அடுத்த சந்தியில் ஃபோல்கர் தாள்களை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார்.

"ஞாயிறு இரண்டாவது ஆட்டம்," என்றார். "முதலாவதுக்கு என் ஆள் இருக்கிறார். நீ அன்று ஸ்கோர் மேசைக்குக் கிட்டவும் வரக்கூடாது. பிழையை நீயே கழகத்துக்கு எழுதிக் கொடு, கையொப்பத்தோடு. இப்போது இறங்கு, இங்கே நிறுத்தப் பழக வேண்டும்."

இரண்டாவது ஆட்டம்

ஞாயிறு நான் வேலியோடு நின்றேன், ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில். கையில் பென்சில் இல்லாமல் ஆட்டம் பார்ப்பது கூட்டத்துக்குள் செருப்பில்லாமல் நிற்பது போல இருந்தது.

எழுபது, எண்பது பேர் வந்திருப்பார்கள். மூன்றாவது அணி முழுவதும் வந்திருந்தது. கணித ஆசிரியர் பெரிய தொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, "அன்ரன்!" என்று மூன்றாம் எழுத்தை இழுத்துக் கத்தினார். அன்ரன் முதல் அணியின் சட்டையோடு வெளியே வந்தார். முறிந்த விரல்காரனின் சட்டை. தோளில் பெரிதாகவும் வயிற்றில் இறுக்கமாகவும் இருந்தது.

"வயித்தை உள்ள இழுங்கோ!" என்று ஜெசிந்தா கத்தினாள். அவர் இழுத்தார்.

துடுப்பாட்டத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு தடவை அடிக்காமலே வெளியேறினார். ஒரு தடவை பந்து விலாவில் பட்டு முதல் தளம் கிடைத்தது. ஓடும்போது ஜெசிந்தா சிலுவை போட்டாள்.

ஆனால் குந்தியிருந்தபோது அவர் வேறு ஆள். முதல் அணியின் எறியாளர் ஸ்வென்னைப் போல அல்ல. இவருடைய பந்து வேகமாக வந்து கடைசி நொடியில் கீழே விழும். துடுப்பாளரை ஏமாற்றவென்றே நிலத்தை நோக்கி எறிவார். தனக்குப் பின்னால் ஒருவன் மறிப்பான் என்று நம்பினால்தான் அப்படி எறியலாம். முதல் இரண்டு சுற்றிலும் அவர் அப்படி எறியவில்லை. புதிய கிழவனை நம்பவில்லை. மூன்றாவதில் ஒன்று தவறிக் கீழே போனது. அன்ரன் முழங்கால் இரண்டையும் மடித்து விழுந்து மறித்தார்.

தொப்.

அதற்குப் பிறகு எறியாளர் துணிந்து எறிந்தார். தொப். தொப். ஒவ்வொன்றுக்கும் அன்ரன் நிலத்தில் விழுந்தார், எழும்பினார், தூசியைத் தட்டாமல் மறுபடி குந்தினார். கெல்லருக்குள் டென்னிஸ் பந்துக்கு விழுந்த அதே விழுகை என்று ஜெசிந்தா சொன்னாள். அவள் கை தன்னையறியாமல் எறிவது போல அசைந்துகொண்டிருந்தது.

கடைசிச் சுற்று. சமநிலை. எதிரணிக்காரர் ஒருவர் மூன்றாம் தளத்தில். பந்து கெச்சரைத் தாண்டினால் அவர் கடைசித் தளத்துக்கு ஓடி வந்து ஓட்டம் எடுத்துவிடுவார்.

ஒன்று நிலத்தில் வந்தது. மறித்தார். இன்னொன்று வந்தது, அதையும் மறித்தார். மூன்றாவது நிலத்தில் ஏதோ ஒரு கல்லில் பட்டதோ என்னவோ, இடது கைக்கும் விலாவுக்கும் நடுவால் நுழைந்து போய்விட்டது. அன்ரன் முகமூடியை எறிந்துவிட்டுப் பாய்ந்தார். பந்தை எடுத்துத் திரும்பும்போது அந்த ஆள் தூசிக்குள் சறுக்கி வந்து தளத்தில் கை வைத்துவிட்டார்.

அந்த ஓர் ஓட்டத்தை எங்களால் திருப்ப முடியவில்லை.

ஆட்டம் முடிந்து நான் ஸ்கோர் மேசைப் பக்கமாக நடந்தேன், சொன்ன சொல்லை மீறி. வேறு ஊரிலிருந்து வந்திருந்த பெண் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். மேலோட்டமாகத் தெரிந்தது. வைல்ட் பிட்ச் என்று இருந்தது. அன்ரனின் பெயருக்கு நேரே ஒரு குற்றமும் இல்லை.

ஃபோல்கர் வந்தார். "ம்ம். நன்றாக மறித்தாய்," என்றார் அன்ரனிடம். கை கொடுத்தார். "சட்டையைத் துவைத்துத் தா." வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் என்றோ, யோசிக்கலாம் என்றோ. போய்விட்டார்.

கார்த் தரிப்பிடம்

ஜெசிந்தா ஏற்கெனவே ஓட்டும் இருக்கையில் இருந்தாள். அன்ரன் பின்கதவைத் திறந்துவைத்து, முழங்கால் கவசங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். விலாவில் பந்து பட்ட இடத்தை ஒரு கை பிடித்திருந்தது. சட்டை முழுவதும் செம்மண். கண்ணிமையிலும் மண்.

தேற்ற வேண்டும் என்று போனேன். எனக்குத் தெரிந்த ஒரே தேறுதல் தாளில் இருந்தது.

"பாத்தனான், அன்ரன். வைல்ட் பிட்ச் எண்டுதான் அவ எழுதியிருக்கிறா. உம்மட பிழை இல்லை."

"ஓம், அக்கா. சரியாத்தான் எழுதியிருக்கிறா."

பையின் சிப்பை இழுத்து மூடினார். அது சிக்கியது. திரும்ப இழுத்தார்.

"எண்டாலும் அது மறிக்கலாம். இடது முழங்கால் அரை நொடி பிந்திப் போச்சு. எனக்குத் தெரியும்."

"அன்ரன், பருவம் முடிஞ்சுது."

"அதுதான் கேக்கிறன். உள்விளையாட்டு மண்டபத்தின்ர திறப்பு உங்களிட்டத்தானே?"

"ஓம்."

"அப்ப செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குத் திறந்து விடுங்கோ." காருக்குள் ஏறி, வலித்த காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். ஜெசிந்தா வண்டியைக் கிளப்பிவிட்டாள். அவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஸ்வென்னையும் வரச் சொல்லுங்கோ, அக்கா. நிலத்தில எறியிறதுக்கு அவனை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?"